துரை மாறினால் வினை யாருக்கு?

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் கேமரன் மலையில் காட்டு நிலத்தை எடுத்தபோது அவரிடம் முதல் இருந்தது, மலாயாவில் ஆள்பழக்கம் இருந்தது, மலாய் சரளமாக வந்தது. தேயிலை மட்டும் தெரியாது. தெரிந்தவர் ஏ. பி. மில்ன், இலங்கைத் தோட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்ட துரை. இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் இன்று மலேசியா முழுக்கத் தெரிந்த ‘போ’ தேயிலை. ஒரே ஒரு நீராவி உருளை வண்டி, சில கோவேறு கழுதைகள், காடு வெட்ட ஆட்கள் என்று அந்தக் கம்பெனி தன் பிறப்புக் கதையைச் சொல்லும். மில்னோடு கப்பலேறி வந்த இன்னொரு சரக்கு அந்தப் பட்டியலில் இல்லை. சரிவைப் பார்த்ததும் மழைநீர் வடியும் கான் எங்கே வெட்டுவது, செடியை எந்த உயரத்தில் கவ்வாத்துப் பண்ணுவது, எந்த முகட்டைக் காடாகவே விட்டுவைப்பது என்று சொல்லத் தெரிந்த கண் அது.

அந்தக் கண்ணுக்கு விலை கொடுத்தது யார்? இலங்கை. 1869இல் அங்கே காப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. சில பத்தாண்டுகளில் காப்பி போய்த் தேயிலை வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் புல் பூண்டு இல்லாமல் மண்ணைச் சுரண்டி வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று துரைமார் நினைத்தார்கள். மலைமலையாக மேல்மண் ஆற்றில் போனது. போன பிறகுதான் கானுக்குள்ளே இடையிடையே தடுப்பு விட்டு வண்டலைத் தேக்குவதும், தேங்கியதை அள்ளி மேலேயே போடுவதும் பழக்கத்துக்கு வந்தன. ஒரு நாட்டின் மண் கரைந்து கிடைத்த அறிவு, ஓர் ஆளின் தலைக்குள் உட்கார்ந்து வேறொரு நாட்டுக் கம்பெனிக்குப் போகிறது.

நான் இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகம் எழுதியவன், துரைமார் வருவதையும் போவதையும் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிரிஞ்சாங்கில் சிலர் கூடிச் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் படிக்கிறோம். அந்த வகுப்புக்கு வரும் ஓர் இளைஞர் தோட்டத்தில் சின்ன துரை. வேறு கம்பெனியில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்திருந்தது. அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

இங்கே அவர் கற்றது புல்லை விட்டுவைக்கும் வித்தை. கேட்டால் சிரிப்பு வரும். வரிசைகளுக்கு நடுவே எந்தப் புல் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று பிரித்து, லாலாங் புல்லை மட்டும் ஒழித்து, மென்மையானதை மண்ணுக்குப் போர்வையாக விட்டு, கவ்வாத்துக் குப்பையை அங்கேயே பரப்பி, மருந்தடிப்பதைப் பாதிக்கும் கீழே கொண்டுவருவது. எந்தப் புல் என்று கண்டுபிடிக்கச் சில வருஷமும் கம்பெனிப் பணமும் போயிருக்கின்றன. போகப்போகும் இடத்தில் இன்னும் எல்லாவற்றுக்கும் மருந்துதான். வேலையில் சேரும்போது, தொழில் இரகசியத்தை வெளியே கொண்டுபோக மாட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். “ஐயா, இதை அங்க போய்ச் செஞ்சா பாவமா?” என்றார்.

வகுப்பில் இருந்த ஒருவர், வக்கீலிடம் கேட்க வேண்டியதை நாயனாரிடம் கேட்கிறாயே என்றார். சட்டமும் ஓரளவு பேசியிருக்கிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 28ஆம் பிரிவு: ஒருவன் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. ஆனால் இரகசியத்தைக் காப்பது வேறு சமாசாரம். அதற்கு வழக்குப் போடலாம். புல்லை விட்டுவைப்பது இரகசியமா என்று நீதிபதி முடிவு செய்யட்டும். பையன் கேட்டது பாவத்தைப் பற்றி.

சித்தாந்தத்தில் இதற்கு நேரான இடம் ஒன்று உண்டு. உயிருக்கு அறிவு இயல்பு. ஆனால் அது தானாக அறியாது, அறிவித்தால் அறியும். கண்ணுக்குப் பார்வை இருந்தும் வெளிச்சம் வேண்டியிருக்கிறதே, அப்படி. ஆக, ‘என் அறிவு’ என்று சொல்லும் உரிமை அந்தப் பையனுக்கே முழுசாக இல்லை. அவனுக்கே இல்லாத உரிமையைச் சம்பளம் கொடுத்த கம்பெனி எப்படி வாங்க முடியும்? கம்பெனி வாங்கியது அவனுடைய நேரத்தை, உழைப்பை. கணக்குப் புத்தகம், வாடிக்கையாளர் பட்டியல், கலவை அளவு என்றால் அது கம்பெனிப் பொருள். எடுத்தால் களவு, இதில் எனக்குச் சந்தேகமில்லை. மண்ணுக்கும் தண்ணீருக்கும் தீங்கு குறைப்பது எப்படி என்ற தெளிவு அந்த வகையில் சேராது. இவ்வளவும் நான் அன்றே சொல்லிவிட்டேன். பையனுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் அதற்குப் பிறகு தூக்கம் கெட்டது.

ஏனென்றால் அடுத்த வாரம் சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கம் படிக்க வேண்டியிருந்தது. அருணந்தி சிவாசாரியார் அதில் பௌத்தர்களோடு மல்லுக்கு நிற்கிறார். நிலையான ஆன்மா கிடையாது, ஒரு கணம் அழிந்து அடுத்த கணம் பிறக்கிறது, அவ்வளவுதான் என்பது பௌத்தர் பக்கம். அப்படியானால் மறுபிறவிக்குப் போவது என்ன என்று கேட்டதற்கு, ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் எது போகிறது என்று மிலிந்த மன்னனிடம் நாகசேனர் திருப்பிக் கேட்டாராம். எங்கள் ஆசிரியர் இதை ஒப்பமாட்டார். செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் என்றாகிவிடும், நியாயமே தலைகீழாகும் என்பார். நானும் பரம்பரைச் சைவன்தான். ஆனால் தோட்டத்துச் சரித்திரத்தை எடுத்து வைத்துப் பார்த்தால், பல இடங்களில் நாகசேனர்தான் ஜெயிக்கிறார்.

கோல்டன் ஹோப் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்யும்போது எல்லாவற்றையும் கொளுத்துவதுதான் அதுவரை மலாயாவின் வழக்கம். 1989இல் அவர்கள் கொளுத்தாமல் செய்தார்கள். செம்பனை மரத்தை இயந்திரத்தால் சீவி, வரிசையாகக் குவித்து மக்கவிட்டு, அதனிடையே கன்று நட்டார்கள். 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் அதற்கு ‘குளோபல் 500’ விருது கொடுத்தது. பூட்டி வைக்கவில்லை, பிற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. 1997இன் புகைமூட்டத்துக்குப் பிறகு, 1999இல் ஆசியான் அமைச்சர்களே கொளுத்தா முறையைக் கொள்கையாக ஏற்றார்கள். 2007இல் கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. கண்டுபிடித்த கம்பெனிக்கு இன்று பெயர்ப்பலகை கூட இல்லை, பழக்கம் மட்டும் பல உடம்புகளில் நடமாடுகிறது. புண்ணியத்தை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

ஆள் இடம் மாறினால் அறிவும் இடம் மாறும் என்பதற்கு இந்த நாட்டில் இதைவிடச் சுவையான கதை லெஸ்லி டேவிட்சனுடையது. யூனிலீவர் தோட்டங்களில் வேலை பார்த்தவர். மலேசியாவில் செம்பனைப் பூவுக்கு மனிதன்தான் மகரந்தம் சேர்க்க வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் பூப்பூவாகப் போய்த் தூளை ஊதினார்கள். காற்றால் நடக்கும் காரியம், இங்கே காற்று போதவில்லை என்று பாடப் புத்தகம் சொன்னது. டேவிட்சன் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே யாரும் ஊதவில்லை, காய் மட்டும் நன்றாகப் பிடித்தது. பூவெல்லாம் சின்னச் சின்ன வண்டுகள் மொய்த்துக் கிடந்தன. இரண்டு இடத்திலும் நின்றவருக்கு மட்டுமே எழக்கூடிய சந்தேகம் அது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து உறுதி செய்தார். 1981இல் அந்தக் கூன்வண்டை இங்கே கொண்டுவந்து, குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலும் சபாவிலும் விட்டார்கள். வண்டுக்குக் கம்பெனி எல்லை தெரியாதே. கொஞ்ச காலத்தில் எல்லார் தோட்டத்துக்கும் போய்விட்டது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. செலவு குறைந்தது, விளைச்சல் ஏறியது, செம்பனை இன்னும் இலாபமானது; இலாபமான பயிர் காட்டைத் தின்னும். நல்லறிவு பரவியதற்கும் தீமை விரிந்ததற்கும் ஒரே வண்டு. வினை இரண்டு வகை, நல்வினையும் ஒரு விலங்குதான், பொன்னால் செய்தது என்று பெரியவர்கள் சொல்வதை நான் வகுப்பில் படித்திருக்கிறேன். செம்பனைக் காட்டில்தான் விளங்கியது.

துரைமார் மாறும்போது பசுமையான வழிகள் கம்பெனி விட்டுக் கம்பெனி போகின்றன என்று பொருளாதாரம் படித்தவர்கள் இப்போது ஆராய்ந்து எழுதுகிறார்களாம். தோட்டத்தில் இது பழைய சங்கதி. ‘விசிட்டிங் ஏஜெண்ட்’ என்று ஒருவர் வருவார். பல தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து லண்டனுக்கு அறிக்கை எழுதுவது அவர் வேலை. ஒரு தோட்டத்தில் கண்டதை இன்னொன்றில் அவிழ்ப்பார். 1919இல் தொடங்கிய தோட்டக்காரர் சங்கமும் அது நடத்தும் ‘தி பிளான்டர்’ பத்திரிகையும் போட்டிக் கம்பெனிக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தன. இலங்கையில் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது அங்கிருந்த துரைமார் பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள், பெட்டியோடு பழக்கத்தையும் தூக்கிக்கொண்டு.

ஆனால் போனதெல்லாம் ஒட்டவில்லை. இதைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. என் காலத்தில் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு துரை வந்தார். வரிசையில் புல் இருக்கட்டும் என்றார். ஆறே மாதத்தில் பட்டணத்திலிருந்து இயக்குநர்கள் வந்து பார்த்து, தோட்டம் அழுக்காக இருக்கிறது என்றார்கள். மனுஷர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டில் மருந்துத் தோம்புகள் வரிசையாக நின்றன. மொட்டை மண்ணைச் சுத்தம் என்று கும்பிடும் மதம் அது. ரப்பர்த் தோட்டங்களில் முப்பதுகளிலேயே இதை எதிர்த்துச் சண்டை நடந்தும் செத்துப்போகவில்லை. சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்பார்கள். குரு எத்தனை பேர் வந்தாலும் உயிரின் அழுக்கு பழுத்துக் கழலும் பருவம் வராமல் உபதேசம் ஏறாது. ஒரு கம்பெனிக்கும் அந்தப் பருவம் வர வேண்டும். வெள்ளமோ வழக்கோ உரவிலை ஏற்றமோ அதைப் பழுக்கவைக்கும், தனி ஒரு துரையால் ஆகாது.

ஏறிய உபதேசமும் மறந்துபோகும். தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழு ஒன்று இலங்கையைப் படுத்தியது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள், புழு அடங்கியது. இருபது வருஷத்துக்குப் பிறகு, தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் அடித்தார்கள். மருந்து குளவியைக் கொன்றது, அடங்கிக் கிடந்த புழு தலைதூக்கியது. இங்கே சபாவில் கோக்கோவில் கார்டன் கான்வே என்ற இளம் விஞ்ஞானி 1960களின் தொடக்கத்தில் மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லிப் பூச்சியை அடக்கியதும் இதே பாடத்தின் மறுபக்கம். செய்யாமல் இருப்பதைக் கற்பதும் கற்றதை நினைவில் வைப்பதும் கஷ்டம். செய்யாததற்கு ரசீது கிடையாது. நான் கிராணி, எனக்குத் தெரியும். அடித்த மருந்துக்குப் பற்று எழுதலாம், அடிக்காத மருந்துக்கு எந்தப் பத்தி?

என் தூக்கம் கெட்டதற்குக் காரணம் இன்னும் வரவில்லை. அறிவு ஆளோடு போகிறது, சரி. வினை?

இதே மலையில் ரிங்லெட்டில் இருக்கும் சுல்தான் அபு பக்கார் அணை 1960களில் கட்டியது. மேலேயிருந்து வரும் மண் அதை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. பெரும்பங்கு காய்கறித் தோட்டங்களுடையது, சரிவைச் சீவிப் பிளாஸ்டிக் கூரை போட்ட நிலங்களுடையது. வீடு கட்டவும் சாலை போடவும் வெட்டிய மண்ணும் உண்டு. தேயிலை வேர் மண்ணைப் பிடித்து நிற்பதால் அதன் பங்கு குறைவு என்று நாங்கள் பெருமை பேசுவோம்; இல்லவே இல்லை என்று சொல்ல வாய் வராது. 2013 அக்டோபர் 23 நள்ளிரவுக்குப் பிறகு, கனமழையில் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் போயின, உயிர்களும் போயின. மேலே சரிவை வெட்டச் சொன்னவர்கள் எல்லாம் அப்போது எங்கே இருந்தார்கள்? எவ்வளவோ பேர் வேறு வேலைக்கு, வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மண் மட்டும் முகவரி மாறவில்லை.

செய்வினை செய்தவனைத் தேடி வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். தோட்டத்தில் அது நேரெதிராக இருக்கிறது. செய்தவன் போகிறான், வினை இருந்த இடத்திலேயே இருந்து கீழே குடியிருப்பவனைப் பிடிக்கிறது. நாத்திகர்களுக்கு இது சௌகரியமான உதாரணம். ஆனால் சித்தாந்தம் இந்த இடத்தில் வெறும் ஆறுதல் சொல்லவில்லை என்பதைப் பிறகு கவனித்தேன். வினை சடம் என்கிறது அது. அதற்குக் கண் கிடையாது, தானாகப் போய்ச் செய்தவனைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளாது. கூட்டி வைக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும். அதற்காகத்தான் இறைவன் என்று வாதம் போகிறது. மறுமையில் அவன் கூட்டிவைப்பான், நம்புகிறேன். ஆனால் சடம் தானாகச் சேராது என்ற பாதி வாதம் இம்மைக்கும் பொருந்தும். இங்கே கூட்டிவைக்க மனிதன் ஏற்படுத்திய ஏற்பாடுகள் எவ்வளவு தள்ளாடுகின்றன என்று பாருங்கள். பாரகுவாட் களைக்கொல்லியை 2002இல் இந்த நாடு படிப்படியாக நிறுத்துவதாகச் சொன்னது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரியில்தான் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் தோளில் தோம்பு சுமந்து அடித்தவர்களில் எங்கள் பெண்கள் எத்தனை பேர்!

அதனால் பையனிடம் மறுபடி பேசினேன். கொண்டுபோவதில் பாவமில்லை என்றது நிற்கட்டும். ஆனால் ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றை விட்டுப் போகாதே என்றேன். எந்தச் சரிவு இளகுகிறது, எந்தக் கான் தவறான இடத்தில் வெட்டப்பட்டது, நீ வந்த பிறகு எங்கே மண் இறங்கியது என்று எழுதி, அடுத்து வருபவன் கையில் கொடு. உன் சாமர்த்தியம் உன்னோடு வரும். உன் வினைக்குக் கால் இல்லை, நீதான் அதற்கு ஒரு தாளாவது கொடுக்க வேண்டும். அவர் தலையாட்டினார். அவர் எழுதுவாரா என்பது எனக்குத் தெரியாது. நிர்வாகத்துக்குத் தன் தவற்றை எழுதிக் கொடுக்கும் சின்ன துரையை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா பேசினார். கொழுந்து கிள்ளியே வாழ்க்கையைக் கழித்தவர். சித்தியார் புரிகிறதோ இல்லையோ ஒரு வகுப்பும் தவறமாட்டார்.

“தொர போனா பார்ட்டி வெச்சாங்க. எங்க தாத்தா பக்கத்து தோட்டத்துக்குப் போனதுக்கு ஓடிப்போனவன்னு பேரு. மண்டோரு போயி இழுத்துக்கிட்டு வந்தான். அப்ப அவரு தலைக்குள்ள இருந்தது யாரோடதுங்க ஐயா?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது வெறும் குடும்பக் கதை அல்ல. இலங்கையில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் அந்தத் துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்தில் சேர முடியாது. 1921இல்தான் ஒழித்தார்கள். மலாயாவிலும் ஆளை இழுத்துக்கொண்டு போவது குற்றம், ஓடுவது குற்றம். துரை தோட்டம் மாறினால் அனுபவம். கூலி மாறினால் நஷ்டம். அறிவு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்பவர்கள் மேலதிகாரிகளின் பெயர்ப் பட்டியலை வைத்து எண்ணுகிறார்கள். செக்ரோல் எழுதியவனாகச் சொல்கிறேன்: எந்தச் செடி எந்த மழைக்கு என்ன செய்யும் என்று அறிந்தவர்களின் பெயர்கள் என் புத்தகத்தில் இருந்தன. அவற்றுக்கு எதிரே நான் எழுதியது கிலோ மட்டும்.

அந்த அக்கா மேலும் சொன்னார். ஒரு மலையில் கான் வருஷாவருஷம் இடிந்தது. ஊற்று உள்ளே கிடக்கிறது, கானைக் கீழே தள்ளி வெட்டுங்கள் என்று அவர்தான் ஒரு துரையிடம் சொன்னாராம். அந்தத் துரை கேட்டார், இடிவது நின்றது. பிறகு அவர் பெரிய கம்பெனிக்குப் போய் மண் காப்பதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தார். இதில் அக்காவுக்குக் கோபம் இல்லை. “நல்லா இருக்கட்டும். சொன்னா கேட்டாரே.”

சின்ன துரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவர் பக்கம் உட்கார்ந்தார். போகப்போகும் தோட்டத்தின் சரிவை விரலால் காற்றில் வரைந்து காட்டினார்.

“கானுக்கு எவ்வளவு சரிவு வெக்கணும் பாட்டி?”

“தண்ணி நடக்கணும், ஓடக் கூடாது. ஓடிச்சின்னா மண்ணத் தூக்கிக்கிட்டுப் போயிரும். நின்னுச்சின்னா வேரு அழுவும்.”

“அளக்கக் கருவி இருக்கு பாட்டி. சரியாக் காட்டும்.”

“அதையும் எடுத்துக்கிட்டுப் போ. ஆனா வெயில்ல போயி அளக்காத. நல்ல மழையில, குடையப் புடிச்சிக்கிட்டு, மலை உச்சியில போயி நில்லு தம்பி.”